எழுதி முடித்த பிறகு வந்த 11 மாதங்கள்

முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை நெறியாளருக்கு அனுப்பிய இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அது ஒரு பிப்ரவரி மாதம். 5 அத்தியாயங்கள், 214 பக்கங்கள், ஐந்தரை வருட உழைப்பு. முடித்துவிட்டேன் என்று வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. பட்டம் உறுதியாகிவிட்டது என்ற கடிதம் கைக்கு வந்ததோ அடுத்த ஜனவரியில். இடையில் போன 11 மாதங்களில் ஆராய்ச்சி என்று சொல்லத்தக்க எதையும் நான் செய்யவில்லை. பட்டத்துக்கு என்னென்ன நிபந்தனைகள் உண்டோ அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஆய்வு செய்வது ஒரு வேலை, பட்டத்தை முடிப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைச் சொல்லிக்கொடுக்க எனக்கு நல்ல நெறியாளர் இருந்தார். இரண்டாவது வேலை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் முன்னதாகத் தெரிந்திருந்தால் அந்த 11 மாதம் 6 மாதமாகக் குறைந்திருக்கும். இப்போது கடைசிக் கட்டத்தில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் அடி பல்கலைக்கழக அலுவலகத்தில் விழுந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கத் தகுதி உண்டா என்று சரிபார்க்க ஒரு படிவம் உண்டு. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். அந்தப் பிரிவில் இருந்த அம்மா என் மதிப்பெண் பட்டியலை எடுத்து மேசையில் விரித்தார். பாடங்களின் பெயர்களை அவர் பார்க்கவே இல்லை. ஓரத்தில் இருந்த பாட எண்களை மட்டும் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே கீழே வந்தார். ஏழாவது வரியில் பேனா நின்றது.

"இது இளநிலைப் பாடம்மா. இதைக் கணக்குல எடுக்க முடியாதே" என்றார்.

முதல் வருடத்தில் வேறொரு துறையில் நான் படித்த புள்ளியியல் பாடம் அது. இளநிலை மாணவர்களும் ஆய்வு மாணவர்களும் சேர்ந்து உட்காரும் வகுப்பு. ஆய்வு மாணவர்கள் அதற்குக் கிரெடிட், அதாவது பட்டக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி, பெற வேண்டுமானால் செமஸ்டர் தொடங்கி 4 வாரங்களுக்குள் ஒரு தனிப் படிவம் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. அப்படி ஒரு படிவம் இருப்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வகுப்பில் கற்றதை வைத்துத்தான் என் மூன்றாம் அத்தியாயமே நிற்கிறது. ஆனாலும் கிரெடிட் கணக்கில் அதற்கு இடமில்லை. 3 கிரெடிட் குறைவு.

அன்று மாலை அழுதேன். மறுநாள் என் நெறியாளர் மேடமிடம் போனேன். இரண்டு மனுக்கள் எழுதினோம். பழைய பாடத்தையே ஏற்றுக்கொள்ளும்படி ஒன்று. அது முடியாவிட்டால், நெறியாளரின் கீழ் 10 வார வாசிப்புப் பாடம் ஒன்றைப் படித்து அந்த 3 கிரெடிட்டை ஈடுசெய்ய அனுமதி கேட்டு இன்னொன்று. முதல் மனு தள்ளுபடியானது, இரண்டாவது நிறைவேறியது. மனு எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். எந்த விதி, எதில் குறை, அதை எப்படி ஈடுகட்டப் போகிறோம், எந்தத் தேதிக்குள் முடியும் என்ற நான்கும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பாடத்திட்டத்தையும் நெறியாளரின் சம்மதக் கடிதத்தையும் கூடவே இணைத்துவிட வேண்டும். முடிவெடுக்கிறவர் வேறு எதையும் தேடிப் போகத் தேவையில்லாத மனுதான் சீக்கிரம் நகரும்.

அந்த அம்மா மீது எனக்குக் கோபமே வரவில்லை. அவர் செய்ததை நான் மூன்று வருடம் முன்பே செய்திருக்க வேண்டும். படிப்பின் பாதித் தூரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, கைப்பக்கம் விதிப்புத்தகத்தையும் மதிப்பெண் பட்டியலையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிபந்தனைக்கும் நேராக "ஆதாரம் எங்கே?" என்று எழுதிப் பார்த்தாலே போதும். முதுகலை படிக்கிறவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். ஆய்வேடு இல்லாமல் பாடங்களால் மட்டுமே முடியும் பட்டத்திலும் கிரெடிட், குறைந்தபட்ச சராசரி, முழுமைத் தேர்வு என்று எதுவோ ஒன்று கடைசி வரியில் காத்திருக்கும்.

விதிப்புத்தகம் என்றேன். எந்த வருடத்து விதிப்புத்தகம் என்பதும் முக்கியம். பெரும்பாலும் நாம் சேர்ந்த வருடத்தில் இருந்த விதிதான் நமக்குப் பொருந்தும். சில இடங்களில் புது விதிக்கு மாறிக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இருவருக்கு வெவ்வேறு நிபந்தனைகள் இருக்கலாம். இந்தியாவை எடுத்துக்கொண்டால், பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2016 விதிமுறைப்படி முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு மாநாட்டு உரைகளும் கட்டாயம். 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை. குறைந்தது 12 கிரெடிட் பாடம், குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு என்பது அதில் உள்ள பொதுக் கணக்கு. அதற்கு மேல் பல்கலைக்கழகம் தன் சொந்த நிபந்தனைகளைச் சேர்க்கலாம், துறையும் சேர்க்கலாம். அதனால் சீனியர் சொன்னார் என்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். சீனியர் சொன்னது அவருக்கு உண்மை. உங்களுக்கு எது உண்மை என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். வாய்வார்த்தையாக "பிரச்னை இல்லை, பார்த்துக்கலாம்" என்று சொன்னவர் நீங்கள் சமர்ப்பிக்கும்போது அந்தப் பதவியில் இருக்க மாட்டார். என் விஷயத்தில் இருக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் எழுதி முடிப்பதே ஒரு வருடம் தள்ளிப் போயிருக்கும், மேடம் தடுத்திருக்காவிட்டால்.

என் ஆய்வு மண் ஈரத்தைப் பற்றியது. மழை நின்ற பிறகு மண்ணில் ஈரம் எத்தனை நாள் தங்குகிறது, எந்த ஆழத்தில் தங்குகிறது, மேலே பரப்பும் மூடாக்கு அதை எப்படி மாற்றுகிறது என்பவைதான் என் கேள்விகள். 15, 30, 45 சென்டிமீட்டர் ஆழங்களில் மண் எடுத்து, சின்னத் தகர டப்பாக்களில் அடைத்து, எடை பார்த்து, 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தி, திரும்ப எடை பார்க்க வேண்டும். குறைந்த எடைதான் மண்ணில் இருந்த நீர். வருடக்கணக்கில் இதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

நான்காம் அத்தியாயம் எழுதும்போது ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது. 60 சென்டிமீட்டர் ஆழத்திலும் எடுத்திருந்தால்? அங்கே வேறு கதை நடக்கிறது என்று என் எண்களே சாடை காட்டின. இன்னும் ஒரு மழைக்காலம் மட்டும் எடுத்துவிட்டால் ஆய்வேடு முழுமையாகிவிடும் என்று தோன்றியது. உண்மையில் ஆசை பாதி, பயம் பாதி. முடித்துவிட்டால் யாராவது குறை சொல்வார்கள் என்ற பயம், இன்னும் செய்துகொண்டே இருந்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது என்ற பாதுகாப்பைத் தேடிப் போகிறது.

மேடம் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "உன் ஆய்வுக் கேள்விகளை எழுது" என்றார். மூன்றையும் எழுதினேன். "இப்ப ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, பதில் எந்தப் பக்கத்துல இருக்குன்னு எழுது." எழுதினேன். மூன்றுக்கும் பக்க எண் இருந்தது.

"மூணுக்கும் பதில் வந்தாச்சு. நாலாவது கேள்வி அடுத்து வர்ற ஆளுக்கு. அதை எழுதி வை, செய்யாதே."

அந்தத் தாளை மேசைக்கு மேலே ஒட்டி வைத்தேன். ஆய்வேட்டின் கடைசிப் பகுதியில் மேற்கொண்டு செய்ய வேண்டியவை என்று ஒரு பிரிவு வருமே, அதில் அந்த 60 சென்டிமீட்டர் ஒரு பத்தியாகப் போய் உட்கார்ந்தது. முடிக்க முடியாமல் தவிக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தத் தாளைத்தான். கேள்விக்கு நேரே பக்க எண் இருந்தால் அந்த அத்தியாயம் முடிந்தது. பக்க எண் இல்லாவிட்டால் அதுதான் நாளைய வேலை. வேறு எதுவும் வேலை இல்லை.

என்னோடு சேர்ந்த நண்பர் ஒருவர் 5 அத்தியாயங்களில் 4 எழுதியிருந்தார். நல்ல வேலை கிடைத்தது, போய்விட்டார். மாலையில் வந்து எழுதிவிடலாம் என்றுதான் போனார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த நிலைக்கு ஏபிடி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆய்வேடு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் முடித்தவர் என்று பொருள். பெயர் வைக்கும் அளவுக்கு அது பரவலான நிலை, அது பட்டம் அல்ல. வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, குடும்பச் சூழ்நிலை அவரவருக்குத் தெரியும். ஆனால் முழு வரைவு நெறியாளர் கையில் போய்ச் சேர்ந்த பிறகு போவதற்கும் அதற்கு முன் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். திருத்தங்களை மாலையில் செய்யலாம். புது அத்தியாயத்தை மாலையில் எழுதுவது மிக மிகக் கடினம்.

சரி, காலக் கணக்குக்கு வருகிறேன். வாசிப்புப் பாடம் ஓடிக்கொண்டிருந்த அந்த 10 வாரத்தில், ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான அக்கா ஒருவர் வந்து உட்கார்ந்து ஒரு நாட்காட்டி போட்டுக்கொடுத்தார். பட்டம் வழங்கும் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடும் நாட்காட்டி. பட்டப் பட்டியலில் பெயர் சேர வேண்டிய கடைசித் தேதி, அதற்கு முன் நூலகத்தில் இறுதிப் பிரதி சேர வேண்டிய தேதி, அதற்கு முன் திருத்தங்களுக்கு ஒப்புதல், அதற்கு முன் வாய்மொழித் தேர்வு, அதற்கு முன் தேர்வாளர்களின் அறிக்கைகள், அதற்கு முன் சமர்ப்பிப்பு, அதற்கும் முன் ஆய்வுச் சுருக்கமும் தேர்வாளர் பெயர்ப் பட்டியலும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகும் என்று அலுவலகத்தில் கேட்டு எழுதினார். பிறகு, அவர்கள் சொன்னதோடு பாதியைக் கூட்டிக்கொண்டார். தேர்வாளர் அறிக்கைக்கு 2 மாதம் என்றார்கள், அக்கா 3 மாதம் என்று எழுதினார். சரியாக 3 மாதம்தான் ஆனது.

அந்த நாட்காட்டியைப் போட்டதால்தான் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, என் ஆய்வை மேற்பார்க்கும் ஆய்வுக் குழுவில் ஒருவர் ஆகஸ்ட் முதல் ஒரு வருட ஆய்வு விடுப்பில் வெளிநாடு போகிறார். அவர் கையெழுத்து ஜூலைக்குள் வேண்டும், இல்லாவிட்டால் மாற்று உறுப்பினரை முறைப்படி நியமிக்க வேண்டும். குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் அடுத்த ஒரு வருடத்தில் விடுப்பு, ஓய்வு, இடமாற்றம் ஏதும் உண்டா என்று வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, சமர்ப்பிக்கும் செமஸ்டரில் நான் பதிவில் இருக்கும் மாணவியாக இருக்க வேண்டும். பாடம் எல்லாம் முடிந்துவிட்டதே, பதிவு எதற்கு என்று விட்டிருந்தால் சமர்ப்பிப்பே செல்லாமல் போயிருக்கும். பல இடங்களில் இந்த விதி உண்டு.

குழுவுக்கு வரைவு கொடுக்கும்போது குறைந்தது 3 வாரம் கொடுங்கள். அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுத்துத் தொல்லை பண்ணாமல், முழுதாக, கூடவே ஒரு பக்கக் கடிதத்தோடு கொடுங்கள். எந்த இடத்தில் அவர் கருத்து உங்களுக்கு மிகத் தேவை என்று அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். 214 பக்கங்களை ஒருவர் கையில் திணிப்பதைவிட, இந்த 20 பக்கங்களை நீங்கள் பார்த்தால் நல்லது என்று சொல்வது அவருக்கும் உதவி, உங்களுக்கும் உதவி.

அப்புறம் ஒற்றுமை அறிக்கை. பிறர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளில் ஆய்வேட்டை ஏற்றியபோது 34 சதவீதம் என்று வந்தது. நெஞ்சு படபடத்தது. திறந்து பார்த்தால் பெரும்பகுதி என் இரண்டாம் அத்தியாயம். அதை ஏற்கெனவே கட்டுரையாக வெளியிட்டிருந்தேன். மீதி, துணைநூற்பட்டியலும் எல்லாரும் எழுதுகிற சோதனை முறை வாக்கியங்களும். அந்த எண் திருட்டைக் காட்டுகிற எண் அல்ல, வேறு இடத்தில் இருக்கிற வரிகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மட்டும் காட்டுகிற எண். அதைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டியது மனிதர்கள்தான். இந்தியாவில் யூஜிசியின் 2018 விதி, 10 சதவீதம் வரையான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கிறது. மேற்கோள் குறியிட்டுச் சான்று காட்டிய பகுதிகள், துணைநூற்பட்டியல், நன்றியுரை முதலியவற்றை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வேறு நாடுகளில் வேறு வழக்கம். உங்கள் இடத்தில் எதைக் கழித்துவிட்டுக் கணக்கிடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். என்னுடையதில் சொந்தக் கட்டுரையையும் பட்டியலையும் கழித்ததும் 7 சதவீதம். அதிலும் 2 பத்திகள் உண்மையிலேயே மூலத்துக்கு மிக நெருக்கமாக இருந்தன. முதல் வருடக் குறிப்பேட்டில் யாருடைய வாக்கியம் என்று குறிக்காமல் எழுதி வைத்திருந்ததால் வந்த வினை. அவற்றை என் சொற்களில் திரும்ப எழுதினேன். இந்த அறிக்கையைச் சமர்ப்பிப்பதற்கு முந்தைய நாள் எடுக்காமல் 2 மாதம் முன்பே எடுத்தது நல்லதாகப் போயிற்று.

சொந்தக் கட்டுரை என்றாலும் அனுமதி வேண்டும், இதைப் பலர் யோசிப்பதில்லை. வெளியிடும்போது பெரும்பாலும் பதிப்புரிமையை வெளியீட்டாளருக்கு எழுதிக் கொடுத்திருப்போம். ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளப் பெரிய வெளியீட்டாளர்கள் பலர் ஆசிரியருக்கு அனுமதி தருகிறார்கள், ஆனால் எந்தப் பிரதியைச் சேர்க்கலாம், என்ன வரியை அடியில் போட வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். மற்றவர்களின் படங்களுக்கு வெளியீட்டாளரிடம் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டும்; பல ஆய்விதழ்களின் பக்கத்திலேயே ரைட்ஸ்லிங்க் என்ற இணைப்பு இருக்கும், அதன் வழியாகக் கேட்டால் பல நேரம் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். ஒரு பழைய வரைபடத்துக்கு 7 வாரம் பதிலே வரவில்லை. கடைசியில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு என் எண்களை வைத்து நானே ஒன்று வரைந்தேன். அதுதான் இன்னும் தெளிவாக இருந்தது.

வடிவமைப்பைப் பற்றிச் சொன்னால் சிலர் இதெல்லாம் ஒரு விஷயமா என்பார்கள். நூலகத்தில் வடிவமைப்பைச் சரிபார்ப்பவர் என் பிரதியை எடுத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தின் மேல் படுக்க வைத்தார். ஒவ்வொரு பத்துப் பக்கத்துக்கும் ஒரு முறை, அகலமான அட்டவணை வந்தால் கட்டாயம். 87ஆம் பக்கத்தில் அட்டவணையின் வலக்கோடு ஓரத்தை 3 மில்லிமீட்டர் தாண்டியிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, பென்சிலால் அந்த 3 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். அப்படி 19 புள்ளிகள். பக்கவாட்டில் திருப்பி அச்சிட்ட பக்கங்களில் பக்க எண் தப்பான மூலையில் இருந்தது. பொருளடக்கத்தில் ஒரு தலைப்பு, உள்ளே வேறொரு தலைப்பு. இரண்டு வாரம் அதில் போனது. அவர் கண்டிப்பு சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். கட்டு போடும்போது ஓரம் உள்ளே போய்விட்டால் 50 வருடம் கழித்து எடுத்துப் படிக்கிறவருக்கு அந்தக் கடைசி நெடுவரிசை இருக்காது.

இந்த வலி முழுக்கத் தவிர்க்கக்கூடியது. பல்கலைக்கழகம் தரும் வார்ப்புருவில், எழுதும் மென்பொருள் வேர்டோ லேடெக்ஸோ எதுவானாலும், முதல் அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்தே எழுதுங்கள். தலைப்புகளுக்குக் கையால் எழுத்தளவு மாற்றாமல் ஸ்டைல் வழியாகக் கொடுத்தால் பொருளடக்கம் தானாக உருவாகும். மேற்கோள்களை ஜோடெரோ மாதிரி ஒரு மென்பொருளில் வையுங்கள். கையால் தட்டிய 280 மேற்கோள்களைக் கடைசி மாதத்தில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த ஒருவரை எனக்குத் தெரியும், அவர் கண்கள் சிவந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. கோப்புகளுக்கு 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வேறு இடத்தில்.

ஜூலையில் சமர்ப்பித்தேன். அக்டோபரில் அறிக்கைகள் வந்தன. நவம்பரில் வாய்மொழித் தேர்வு.

இது ஊருக்கு ஊர் வேறு வேறு விதம். பிரிட்டனில் மூடிய அறைக்குள், பெரும்பாலும் ஓர் அகத்தேர்வாளரும் ஒரு புறத்தேர்வாளரும் மட்டும். நெதர்லாந்தில் நேரம் முடிந்ததும் செங்கோல் போன்ற கோலோடு ஒருவர் உள்ளே வந்து லத்தீனில் "ஹோரா எஸ்ட்", நேரமாயிற்று, என்று சொன்னால் விவாதம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஸ்வீடனில் தேர்வுக்குச் சில வாரம் முன்பே ஆய்வேட்டை ஆணியடித்துத் தொங்கவிடும் சடங்கு உண்டு, எல்லாரும் படித்துவிட்டுக் கேள்வி கேட்க வரலாம் என்பது அதன் அடிப்படை. ஆஸ்திரேலியாவில் வெகுகாலம் நேர்முகமே இல்லாமல் எழுத்து அறிக்கைகளை மட்டும் வைத்து முடிவு செய்தார்கள். வடிவம் எதுவானாலும் கேட்பது ஒன்றைத்தான்: இதை நீதான் செய்தாயா, ஏன் அப்படிச் செய்தாய், இதன் எல்லை எது என்று உனக்குத் தெரியுமா?

நான் தயாரானது இப்படி. ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரிச் சுருக்கம் எழுதினேன், மொத்தம் 214 வரி. அதை எழுதும்போதே எந்தப் பக்கம் பலவீனம் என்று தெரிந்துவிட்டது. தேர்வாளர்களின் கட்டுரைகளில் என் ஆய்வுக்கு நெருக்கமான நான்கைந்தை வாசித்தேன். அக்காவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஒத்திகைக் கேள்விகள் கேட்டார்கள்.

தேர்வன்று முதல் கேள்வி: "உங்கள் ஆய்வை, மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவருக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்." 40 நிமிட உரைக்குத் தயாராகி வந்திருந்த நான் ஒரு நிமிடம் பேசாமல் நின்றேன். பிறகு அந்த வெள்ளைத் தாள் நினைவுக்கு வந்தது. மூன்று கேள்விகளையும் சேர்த்து இரண்டு வாக்கியமாகச் சொன்னேன். அதற்குப் பிறகு கை நடுக்கம் நின்றுவிட்டது. பாதியில் இன்னொரு தேர்வாளர் கேட்டார், ஏன் 45 சென்டிமீட்டரோடு நிறுத்திவிட்டீர்கள் என்று. நான் எடுத்த பயிரின் வேர்களில் பெரும்பகுதி அதற்கு மேலேயே இருக்கிறது, அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று என் தரவை வைத்துச் சொல்ல முடியாது, அதை 198ஆம் பக்கத்தில் எல்லையாகக் குறித்திருக்கிறேன் என்றேன். அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு வருடத்தை அதற்காகச் செலவழித்திருந்தால், 90 சென்டிமீட்டர் ஏன் இல்லை என்று கேட்டிருப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டவும் தெரிந்தால் போதும்.

சிறு திருத்தங்களோடு தேர்ச்சி. அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எந்தெந்தத் திருத்தம், யார் சரிபார்ப்பார், எந்தத் தேதிக்குள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மகிழ்ச்சியில் இது விட்டுப்போகும். எனக்கு 23 திருத்தங்கள். மூன்று நெடுவரிசை அட்டவணை ஒன்று போட்டேன்: தேர்வாளர் சொன்னது, நான் செய்தது, பக்க எண். இரண்டு இடங்களில் அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஏன் என்று மரியாதையாக நாலு வரி எழுதினேன், ஒப்புக்கொண்டார். இந்த அட்டவணை இருந்ததால் சரிபார்ப்பவர் ஒரே நாளில் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். தேர்வு முடிந்த களைப்பில் ஒரு மாதம் விட்டுவிட்டால் சொந்த ஆய்வேடே அந்நியமாகத் தெரியும்.

நூலகத்தில் மின்பிரதி சேர்க்கும்போது பிடிஎஃப்-ஏ வடிவில் கேட்டார்கள். நீண்ட காலச் சேமிப்புக்கென்று 2005இல் ஐஎஸ்ஓ தரமாக வந்தது அது. எழுத்துருக்கள் எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரு வரைபடத்தின் எழுத்துரு உள்ளே சேராமல் இரண்டு முறை திரும்பி வந்தது. உடனே எல்லாரும் படிக்கலாமா, சில காலம் மூடி வைக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். வெளியிட வேண்டிய கட்டுரை இருந்தால் நெறியாளரோடு பேசிவிட்டுப் பதில் சொல்லுங்கள். இந்தியாவில் சோத்கங்கா போன்ற பொதுக் களஞ்சியங்களுக்கு ஆய்வேடு போய்ச் சேர்கிறது. அங்கே இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாமல் உங்கள் பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் அந்த நாட்டு ஆய்வேடுகளுக்கான ஈதோஸ் சேவையே முடங்கிப் போனது.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழில் பெயர் எப்படி வர வேண்டும் என்று கேட்கும் படிவத்தை அவசரமாக நிரப்பாதீர்கள். கடவுச்சீட்டு, பழைய சான்றிதழ்கள், வெளியான கட்டுரைகள் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்னெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, விரிந்து வருகிறதா என்று ஒப்பிட்டு எழுதுங்கள். கட்டுரைகளில் பெயர் பலவிதமாக வந்திருந்தால் ஆர்க்கிட் எண்ணில் எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம். ஆய்வாளர்களுக்காக 2012இல் தொடங்கிய 16 இலக்க அடையாளம் அது, கட்டணம் கிடையாது.

கடைசியாக இருந்தது நிலுவையின்மைச் சான்று. நூலகப் புத்தகங்கள், ஆய்வகச் சாவி, ரசாயனப் பட்டியல், தரவுகள் எல்லாம் ஒப்படைத்தாக வேண்டும். டிசம்பர் கடைசி வாரத்தில் 312 தகர டப்பாக்களைக் கழுவி, எண் ஒட்டி, அடுக்கி வைத்தேன். என் இடத்துக்கு வந்திருந்த புது மாணவி பக்கத்தில் நின்று பட்டியலில் டிக் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் என் குறிப்பேட்டைப் புரட்டியவள் ஒரு பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, 45க்குக் கீழே நீங்க ஏன் எடுக்கவே இல்ல?"

மேசைக்கு மேலே ஒட்டியிருந்த அந்தத் தாளை உரித்து எடுத்தேன். மூன்று கேள்விகள், மூன்று பக்க எண்கள். அதற்குக் கீழே பென்சிலால் 60 செ.மீ. என்று எழுதி அவளிடம் கொடுத்தேன், சாவியையும்.